நாலாவது ஆள் சாரூன்

மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டால் நடுவில் நிற்பவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார். இதை நம்பாதவர்கள் எங்கள் கம்போடியாவின் சீயெம் ரியப் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர்கள், பொறியியல் படித்தவர்கள், தலைநகரிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறவர்கள், யாருமே நம்புவதில்லை. நம்பாமலேயே நாலாவதாக ஓர் ஆளைத் தேடுவார்கள். "அதெல்லாம் சும்மாங்க, இருந்தாலும் எதுக்கு வம்பு" என்பதுதான் இந்த விஷயத்தில் நாட்டின் பொதுக்கருத்து.

அப்படித் தேடிக் கிடைக்கிற நாலாவது ஆள் பெரும்பாலும் சாரூன்.

அங்கோர் வாட்டின் மேற்கு அகழிக்கரையில் அவர் பாய் வாடகைக்கு விடுகிறார். கூடவே மரத்துக்கு மரம் கட்டிக்கொள்ள வலை ஊஞ்சல். கோயில் பார்க்க வருகிற எங்கள் குடும்பங்கள் முதலில் பார்ப்பது பாயைத்தான். பாயை விரித்து, சுட்ட கோழியையும் மூங்கில் குழாய்ச் சோற்றையும் பிரித்து வைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு நேரமிருந்தால் கோயில். கோயில் எட்டு நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருக்கிறது, கோழி ஆறிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் விடிவதற்குள் ஓடி வந்து, வெயில் ஏறுமுன் எல்லாக் கல்லையும் பார்த்து முடித்துக் களைத்துப்போகிறார்கள். எங்களைப் போல இலவசமாக இல்லை, அவர்கள் காசு கொடுத்து உள்ளே வருகிறவர்கள், பாவம், வேறென்ன செய்வார்கள்?

நாலாவது ஆள் வேலைக்கு முன்பு போட்டி இருந்தது. இளநீர்க்காரர் ஒருவர் வந்து நிற்பார், கையில் இளநீரோடு, கடையின் பெயர் தெரிகிற மாதிரி. கரும்புச்சாறு விற்கும் சந்தூ ஆசையாக ஓடிவருவாள். ஆனால் சந்தூ நின்ற படம் சந்தூவின் படமாகிவிடும், குடும்பம் அவளுக்குப் பின்னணியாகிவிடும். ஒரு குடும்பம் குரங்கை நாலாவதாக வைத்து எடுத்துப் பார்த்தது, அது மருமகளின் கம்மலோடு மரமேறிவிட்டது. கல் சிங்கம் கணக்கில் சேருமா என்று ஒரு பிக்குவிடம் கேட்டார்கள். "உயிர் உள்ளதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு, தன்னையே நிற்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் வேகமாக நடந்துவிட்டார்.

சாரூனிடம் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவர் முகம் யாருக்கும் சித்தப்பாவாக இருக்கக்கூடிய முகம். கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். ஒரு சாண் தள்ளி நிற்பார். யார் தோளிலும் கை போட மாட்டார். குடும்பம் சிரித்தால் அதில் பாதி சிரிப்பார், சண்டை போட்டுவிட்டு வந்த குடும்பமாக இருந்தால் கோபுரத்தைப் பார்ப்பார். கூலி வாங்குவதில்லை, கோழிக்கால் கொடுத்தால் மறுப்பதில்லை. படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதும் அவரை வெட்டத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். முழுதாக வெட்டினால் மறுபடியும் மூன்று பேராகிவிடுமே! ஆகவே ஒரு தோளை மட்டும் விட்டுவைப்பார்கள். கம்போங் தோமிலிருந்து கம்போட் வரை எத்தனையோ வீட்டுச் சுவர்களில் சாரூனின் இடது தோள் மாட்டியிருக்கிறது.

ஒருமுறை ஓர் அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள். முந்தைய வருஷம் அவளும் புருஷனும் மகனும் நின்ற படத்தில் சாரூன்தான் நாலாவது. நடுவில் நின்ற புருஷன் மழைக்காலத்தில் போய்விட்டார்.

"ஏய்யா, நீ சரியா நின்னியா இல்லியா?"

"நின்னேன் அக்கா. ரெண்டு காலும் தரையிலதான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

"எனக்கென்ன அக்கா தெரியும்? நான் ஓரத்துல நின்ன ஆளு."

அவள் மூக்கைச் சிந்திவிட்டுப் பக்கத்தில் நின்ற மகனையும் புது மருமகளையும் கூப்பிட்டாள். மறுபடியும் மூன்று பேர். "வா, வந்து நில்லு. இந்தத் தடவையாவது ஒழுங்கா நில்லு" என்றாள். சாரூன் நின்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவே இல்லை.

சந்தைக்குப் பின்னால் அவருக்கு ஒற்றை அறை வீடு. சுவரில் மூன்று படங்கள். ஒன்றில் அவரும் மனைவி சாவெத்தும். ஒன்றில் சாவெத்தும் மகள் தாவியும். ஒன்றில் அவரும், பலூன் பிடித்த ஐந்து வயதுத் தாவியும். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டிரண்டு பேராக மூன்று படம். மூவரும் சேர்ந்து நிற்க சாவெத் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "வெளியாளக் கூப்பிட்டு நிக்க வெச்சு என்ன குடும்பப் படம்?" என்பாள். வாழ்நாளில் ஒரு தடவைகூட மூன்று பேர் நடுவில் நிற்காத அவள், சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்தாள். சாஸ்திரத்துக்குச் சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது.

தாவியின் கல்யாணம் கம்போங் சாமில், மாப்பிள்ளை விச்செத்தின் ஊரில் நடந்தது. உலர்மீன் கடை வைத்திருக்கிற குடும்பம். எத்தனையோ உடை மாற்றி எத்தனையோ படம் எடுத்தார்கள். பெண்ணின் பெற்றோர் நிற்க வேண்டிய இடத்தில் சாரூனின் தம்பியும் தம்பி மனைவியும் நின்றார்கள். ஜோடியை இழந்தவர் அந்த இடத்தில் நிற்கக்கூடாது என்றார்கள். சாரூன் பந்தலுக்கு வெளியே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். ஐஸ் நன்றாக உடைந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு தாவி வரவில்லை. கடையில் வேலை, சாலையில் வெள்ளம், மாமனாருக்குக் கண் அறுவை, ஏதாவது ஒன்று. அவள் மேல் குறை சொல்ல அவர் யாரையும் விடமாட்டார். "பெரிய குடும்பத்துக்குப் போன பொண்ணு" என்பார், என்னவோ அரண்மனைக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி. ஊர் முழுக்க அடுத்தவர் குடும்பத்தில் நின்று நின்று அவருக்கு ஒரே ஓர் ஆசை வந்திருந்தது. வளர்ந்த மகளின் பக்கத்தில் தான் நிற்கிற மாதிரி ஒரு படம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சந்தூவிடம் தவிர. சந்தூவிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான் என்பதால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் புது வருஷத்துக்கு முன்னால் தாவி ஃபோனில் பேசினாள்.

"அப்பா, நாங்க வர்றோம். கோயில் பாக்கணும்னு அத்தை ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க. பாத்துட்டு அப்படியே பட்டம்பாங், அங்க மாமாவோட அக்கா வீடு."

"எத்தனை பேரும்மா?"

"நாங்க ரெண்டு பேரு, அத்தை, மாமா. நாலு பேரு."

சாரூன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். தன்னோடு ஐந்து. எந்தச் சாஸ்திரமும் வாய் திறக்க முடியாத எண். அன்றைக்குச் சாயங்காலமே புது வெள்ளைச் சட்டை வாங்கிவிட்டார்.

"என்ன அண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் சந்தூ.

"பொண்ணுதான் பாக்க வருது."

"சட்டையில ஒரு தோளுக்கு மட்டும் இஸ்திரி போட்டாப் போதுமே. அது ஒண்ணுதானே தெரியப்போவுது."

"இந்தத் தடவ முழு ஆளு தெரியும், பாரு."

புது வருஷத்து இரண்டாம் நாள் வேன் வந்தது. நல்ல வெயில். புது வருஷ வழக்கப்படி வழியெல்லாம் பையன்கள் தண்ணீர் ஊற்றிப் பவுடர் பூசியதில் நாலு பேரும் பாதி வெந்த மாவுருண்டைகள் மாதிரி இறங்கினார்கள். தாவி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கைகூப்பிக் கும்பிட்டாள், சட்டையைப் பார்த்தாள். "புதுசாப்பா? கல்யாண மாப்பிள மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் மாமியாருக்குக் குடை பிடிக்க ஓடினாள்.

சாரூன் இருப்பதிலேயே நல்ல பாயை நிழலில் விரித்திருந்தார். சாப்பாடு சத்தமாக நடந்தது. சம்பந்தி உலர்மீன் விலையைப் பற்றிப் பேசினார். சம்பந்தியம்மாள் கோழியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே கோழியைத் தீர்த்தாள். தாவி எல்லோருக்கும் பரிமாறினாள், அப்பாவுக்கும் பரிமாறினாள், ஆனால் உட்காரவில்லை.

"நீயும் சாப்பிடும்மா."

"அத்தைக்கு மூட்டு வலிப்பா. மாத்திர எடுத்துக் குடுத்துட்டு வந்துர்றேன்."

பிறகு எல்லோரும் கோயிலுக்குள் போனார்கள். வாசலில் நிற்கும் தா ரீச் சாமி சிலையின் எட்டுக் கைகளுக்கும் பொதுவாக ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டார்கள். இடப்பக்கக் குளத்தங்கரைக்குச் சாரூன்தான் கூட்டிப்போனார். நேர் எதிரே நின்றால் மூன்று கோபுரம்தான் தெரியும், கொஞ்சம் விலகி நின்றால்தான் ஐந்தும் தெரியும். கோயிலுக்கே மூன்று கோபுரம் தெரிவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நடுக்கோபுரம் இன்னும் நன்றாகத்தான் நிற்கிறது.

சம்பந்தியிடம் புது ஃபோன் இருந்தது. எடுக்க ஓர் ஆள் வேண்டுமே என்று நாலு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"அப்பா, நீங்க எடுங்க. எங்க நின்னா நல்லா விழும்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் தாவி.

சாரூன் எடுத்தார். படத்துக்கு இந்தப் பக்கம் அவர் நின்றதே இல்லை. முதலில் தன் விரலை எடுத்தார், அப்புறம் குளத்தை எடுத்தார், கடைசியில் நாலு பேரும் விழுந்தார்கள். அழகாக, நெருக்கமாக, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு. எடுத்துவிட்டு ஃபோனைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். இப்போது யாராவது, "இங்க குடுங்க, நீங்க போய் நில்லுங்க" என்று சொல்லவேண்டும். சொல்வார்கள். எத்தனையோ குடும்பங்கள் அவரைப் பார்த்ததும் சொல்லியிருக்கின்றன.

சம்பந்தி வந்து ஃபோனை வாங்கிப் பார்த்தார். "அருமையா எடுத்திருக்கீங்க சம்பந்தி!" என்று முதுகில் தட்டினார். எல்லோரும் அடுத்த மண்டபத்துக்கு நடந்தார்கள்.

நாலு பேராக வந்த குடும்பத்துக்கு நாலாவது ஆள் எதற்கு? கூப்பிடாமல் போய் நிற்க அவருக்குத் தெரியாது. கூப்பிட்டால்தான் அவர் கால் நகரும், இத்தனை வருஷப் பழக்கம் அது. அவர் பின்னாலேயே நடந்தார், புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே செங்குத்தான படிகளைப் பார்த்ததும் சம்பந்தியம்மாளின் மூட்டு மறுத்துவிட்டது. "இந்தப் படியக் கட்டினவன் எவனுக்கும் மூட்டே கிடையாதா?" என்று கேட்டாள். சாரூன் அவளைப் பாய்க்குத் திரும்பக் கூட்டி வந்து ஊஞ்சலில் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் குந்தினார். மற்ற மூவரும் சுற்றி முடித்துத் திரும்பி வந்தார்கள். அகழிப் பாலத்தின் முனையில், கல் சிங்கத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கலாம் என்று, வழியில் போன ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டு நின்றார்கள். நின்ற பிறகுதான் விச்செத் எண்ணினான்.

"ஐயையோ, மூணு பேரு! மாமா! மாமா! ஒரு ஆளு குறையுது, சீக்கிரம் வாங்க!"

தாவியும் கையை ஆட்டினாள். "வாங்கப்பா, மூணு பேரா நிக்கறோம்!"

சாரூனின் முழங்கால்கள் தாமாகவே நிமிர்ந்தன. பாதி எழுந்துவிட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, மறுபடியும் குந்திக்கொண்டார்.

"வேற யாரையாவது கூப்பிடுங்க மாப்ள! நான் பாயப் பாத்துக்கணும்!"

பாயை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை, புது வருஷத்தில்கூட. கரும்பு மெஷினை நிறுத்திவிட்டு சந்தூ பாவாடையில் கையைத் துடைத்தபடி ஓடினாள். போகிற போக்கில், "என்ன அண்ணே, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். பிறகு அகழியை முழுதாக மறைத்துக்கொண்டு படத்தில் நின்றாள்.

ஊஞ்சலில் கண் மூடிப் படுத்திருந்த சம்பந்தியம்மாள் தூங்கவில்லை. மூடியைத் திறக்காமலே உள்ளே எந்த மீன் கெட்டிருக்கிறது என்று சொல்கிற மூக்கு அவளுக்கு.

"ஏன் சம்பந்தி போகல?"

"நாலாவதா நிக்கறது என் வேலையும்மா. புது வருஷத்துல லீவு."

"கேலி பண்ணாதீங்க. முன்னாடி குளத்தங்கரையிலயே வந்து நின்னிருக்கலாமில்ல?"

"யாரும் கூப்பிடலியே."

"சொந்த மக பக்கத்துல நிக்க வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடணுமா உங்கள?"

சாரூன் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையைப் பிய்த்தார். "கல்யாணத்துல தள்ளி நிக்கச் சொன்னீங்க. அப்படியே பழகிப்போச்சும்மா."

"அது சாஸ்திரம். உங்கள அவமானப்படுத்தணும்னா செஞ்சோம்?"

"சாஸ்திரந்தாம்மா. நான் தப்புன்னு சொல்லலியே."

ஊஞ்சல் கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

தாவி வேர்த்து விறுவிறுத்து வந்தாள். அப்பாவின் எதிரில் நின்று முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குக் குடையும் மாத்திரையும் பரிமாறுவதும் இல்லாமல் அவள் அவரைப் பார்த்தது அப்போதுதான்.

"ஏம்ப்பா வரல? அந்த அக்கா வந்து நின்னுட்டாங்க. சிங்கமே தெரியல."

"பாய்..."

"பாயாம் பாயி. எந்திரிங்க. நாம ரெண்டு பேரும் எடுத்துக்கலாம், வாங்க."

"ரெண்டு பேருமா?"

"ஆமா. நீங்களும் நானும். விச்செத், ஃபோனக் கொண்டா!"

சாரூன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மகளின் பக்கத்தில் போய் ஒரு சாண் தள்ளி நின்றார். "கிட்ட வாங்கப்பா" என்று தாவி கையைப் பிடித்து இழுத்தாள். தோளும் தோளும் இடித்துக்கொண்டன. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டினார், முன்னால் கொண்டுவந்தார், கடைசியில் மெதுவாகத் தூக்கி, மகளின் தோளுக்கு மேலே காற்றில் நிறுத்தினார். இன்னும் இறக்கவில்லை. விச்செத் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஊஞ்சல் கிரீச்சிட்டது.

"இருங்க, இருங்க, நானும் வர்றேன்!" சம்பந்தியம்மாள் மூட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கல்யாணத்தில் தள்ளி நிறுத்திய மனுஷனின் பக்கத்தில் இன்றைக்காவது தான் நிற்கவேண்டும் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. நல்ல எண்ணம்தான். நொண்டிக்கொண்டே வந்து சாரூனின் மறுபக்கம் நின்றாள்.

"அத்தை! இப்ப மூணு பேராச்சே!" என்று கத்திய விச்செத்தின் முகம் வெளுத்தது. அத்தை என்று தன் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டது அவனுக்கே தெரியவில்லை, அவ்வளவு பதற்றம்.

"ஐயோ, ஆமா! ஏங்க, நீங்களும் வாங்க! ஓடி வாங்க!"

சம்பந்தி கைலியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். நாலாகிவிட்டது. "அப்ப நான் மட்டும் என்ன அனாதையா?" என்று விச்செத் ஃபோனைச் சந்தூவின் கையில் திணித்துவிட்டு அவனும் வந்தான்.

"பெரியவர் நடுவுல நிக்கட்டும். அஞ்சு பேர்ல நடுவுல நின்னா ஒண்ணும் ஆகாது" என்றார் சம்பந்தி. ஆளாளுக்குத் தள்ளியதில் சாரூன் நட்டநடுவில் வந்து சேர்ந்தார். ஒரு பக்கம் சம்பந்தியும் சம்பந்தியம்மாளும், இன்னொரு பக்கம் விச்செத். மருமகள்தானே என்று தாவி தானாகவே கடைசிக்குப் போய், விச்செத்துக்கு அப்பால் நின்றுகொண்டாள். காற்றில் நின்ற கையைச் சாரூன் இறக்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டார்.

"அண்ணே, இங்க பாருங்க! எங்கண்ணே பாக்கறீங்க? நேரா!" என்று சந்தூ கத்தினாள். அவர் கழுத்தைத் திருப்பி விச்செத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். சாரூன் முழு ஆளாக விழுந்திருக்கிறார், சட்டைப் பொத்தான் வரை தெரிகிறது. முகம் மட்டும் பக்கவாட்டில்.

இன்னொன்று எடுக்க நேரமில்லை. வேன்காரர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார். இருட்டுவதற்குள் பட்டம்பாங் போகவேண்டும். மீந்த சோறு, தண்ணீர்ப் புட்டி, மாத்திரைப் பை எல்லாவற்றையும் தாவி அள்ளிப்போட்டாள். கதவருகில் அப்பாவைக் கும்பிட்டாள். அவர் அவள் தலையில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டிவிட்டார்.

"படம் அனுப்புவியாம்மா?"

"இன்னைக்கே அனுப்பறேம்ப்பா. எல்லாத்தையும்."

"நம்ம ரெண்டு பேரு படம்?"

"அதான் எடுத்தோமேப்பா!" என்றாள் தாவி. அவள் பொய் சொல்லவில்லை. எடுத்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள், மாத்திரை எங்கே என்று.

"ஆமாமா, எடுத்தோம். நீ ஏறு, நேரமாச்சு" என்றார் சாரூன்.

வேன் போய் வெகுநேரம் வரை அவர் சாலையோரத்திலேயே நின்றார். பிறகு வந்து பாயை உதறினார்.